தோளில் மிஞ்சிய கை

மே ஏழு. வெள்ளவத்தை.
காலி வீதியை மழை கழுவிக்கொண்டிருக்கிறது.
மின்கம்பத்தில் ஒரு வெசாக் கூடு
காகிதம் கரைந்து
மூங்கில் எலும்போடு ஆடுகிறது.

ரயீசா அம்மையார் குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.
கார்கிவில் படிக்கப் போன விக்ரமரத்னவைக் கட்டி
முப்பத்தெட்டு வருடம்.
என்னைவிட வடிவாய்ச் சிங்களம் கதைப்பார்,
'ர'வை மட்டும் தார் உருளைபோல் உருட்டுவார்.

"என் தாய்மாமன்."
தொப்பியில் நட்சத்திரம். இருபது வயது. காது கொஞ்சம் பெரிது.
"பெர்லின்வரை போயிருக்க வேண்டியவன்.
நாற்பத்துநாலில், ரோவ்னோவுக்கு அப்பால், காட்டோரம்,
முதுகில் சுட்டார்கள்.
ஜெர்மன்காரன் இல்லை. அவங்கள்."

அவங்களுக்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது:
பண்டேராக்காரர்.
எதிர்க்கடை ஹார்ட்வெயார் பண்டார மாத்தயாவிடம்
இவருக்கு என்ன கோபமென்று
ஒரு கணம் குழம்பிப்போனேன்.

"இப்ப பார், பேரன்மார் அதே கொடியோடு."
"எல்லாருமா?"
"எல்லாரும்."
பிறகு கொஞ்சம் நின்று,
"என் வகுப்பில் படித்த லியூபாவைத் தவிர."

அந்த 'எல்லாரும்' எனக்குப் பழக்கம்.
மூன்று சோதனைச் சாவடியில் கேட்டிருக்கிறேன்,
வேறொரு சொல்லோடு. கொட்டியா.
எனக்கு அப்போது பதினாறு. கையில் இருந்தது
இரசாயனவியல் கொப்பி.
சொன்னவனுக்கும் ஒரு தாய்மாமன் இருந்திருக்கலாம்,
ஏதோவொரு பஸ்ஸில், ஏதோவொரு காலையில்
சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சிதறியவன்.
இதை யோசிக்க எனக்கு
இருபது வருடம் பிடித்தது.

"இதையும் மூலையில் வைத்து ஒட்டு" என்று
ஒரு நாடாவைத் தந்தார்.
செம்மஞ்சளும் கறுப்பும், வரிவரியாய்.
என் கண் தானாய் வாசலுக்குப் போய்த் திரும்பியது.
அவருக்கு அது வெற்றியின் நிறம்.
இந்த வீதியில் ஒரு காலம்
அந்த இரண்டு நிறமும் ஒரே துணியில் கிடந்தால்
துணியோடு ஆளையும் கொண்டுபோவார்கள்.

மெஷின் சூடாக வேண்டும். நூற்றுப்பத்துப் பாகை.
அதுவரை தட்டில் கிடந்தது
நேற்று ஒஸ்தாப் தந்துவிட்டுப் போன படம்.
(வெலிகமவில் அலைச்சறுக்கக் கற்றுக்கொடுப்பவன்.
இரண்டு கிழமைக்கென்று வந்தான்,
இது மூன்றாவது வருடம்.)
அவனுடைய பூட்டன்.
அதே தொப்பி. அதே நட்சத்திரம். அதே யுத்தம்.
இடது தோளில் ஒரு கை.
கைக்குரிய ஆள் இல்லை;
மணிக்கட்டோடு கத்தரிக்கோல் போயிருக்கிறது.
"தம்பி. காட்டுக்குப் போனவன்" என்றான் ஒஸ்தாப்.
எப்போது வெட்டினார்கள் என்று கேட்டேன்.
"வீடு சோதிக்க வந்த வருடம்."

ரயீசா குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.
"நம்மாள்! எந்த ஊராம்?"
"தெரியாது" என்றேன்.
தெரியும்.
"தோளில் யாருடைய கை?"
மெஷினின் பச்சை விளக்கு எரிந்தது,
நல்லவேளை.

எங்கள் வீட்டுப் படத்திலும் நடுவில் ஓட்டை.
ஓமந்தை தாண்டுவதற்கு முதல்நாள்
அப்பா சவர பிளேட்டால் அக்காவை எடுத்தார்.
அவசரம். பின்னல் நுனி தப்பிவிட்டது.
இன்னும் கிடக்கிறது
என் சட்டையின் மேல்,
ஏதோ கறை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

முந்நூற்றைம்பது ரூபா. நாடாவுக்குக் காசில்லை.
"ஒன்பதாம் திகதி ஊர்வலத்துக்கு வா.
அவரவர் தங்கள் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்."
"யாரையும் தூக்கலாமா?"
சிரித்தார். கேள்வி விளங்கவில்லையோ,
விளங்கியதோ.
தாய்மாமனை நெஞ்சோடு அணைத்து
மழைக்குள் இறங்கினார்;
கண்ணாடித் தாளுக்குள் அவன் நனையவில்லை.

ஒஸ்தாப்பின் படத்தை உருளைக்குக் கொடுத்தேன்.
மறுபக்கத்தால் மெதுவாய் வந்தது, சுடச்சுட.
ஆறட்டுமென்று கவுண்டரில் வைத்தபோது
என் பெருவிரல் பட்ட இடம்
அந்தக் கை.